பத்து நொடியில் பதினேழு தட்டு: கியர் பல் தேய்கிறதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் கலவை தயாரிக்கும் ஒரு கம்பெனியின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் எழுதிய நீண்ட கடிதம் இது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்.

அவர்களுடைய பெரிய மிக்ஸிங் மில்லை 75 கிலோவாட் மோட்டார் ஓட்டுகிறது. வேகம் 1480 ஆர்பிஎம். அடுத்து இரண்டு ஸ்டேஜ் ஹெலிகல் கியர்பாக்ஸ் (சாய்ந்த பற்கள், வேகத்தை இரண்டு படியாகக் குறைப்பது), அதைத் தாண்டி ஓப்பன் பினியன் (பெட்டிக்கு வெளியே இருக்கும் சின்னக் கியர்), அது ஓட்டும் பெரிய கியர், கடைசியில் ரோல். மூன்று மாதமாகக் கியர்பாக்ஸ் பக்கம் சத்தம் கூடியிருக்கிறது. அதிர்வு பார்க்க வந்தவர் பேனா போன்ற கருவியை வைத்துப் பார்த்து, "2.2 மில்லிமீட்டர்/செகண்ட். போன வருடம் 2.1. 2.8 வரை போகலாம், ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓய்வு பெறும் வயதில் இருக்கும் ஃபிட்டர், ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பல்லு போயிருக்கு" என்கிறார். கியர் சப்ளையர் முதல் ஸ்டேஜ் பினியனையும் கியரையும் மாற்றக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இன்னொருவர், 24 மணி நேரமும் கண்காணிக்கும் ஆன்லைன் சிஸ்டம் போடச் சொல்கிறார். முதலாளி இரண்டுக்கும் காசு தரத் தயாரில்லை. "கருவியே நல்லா இருக்குன்னு சொல்லுது, நீ ஏன் பயப்படுறே" என்கிறார். வாசகர் தன் யோசனையில் ஆயிலை மாற்றி, 320 கிரேடுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 460 ஊற்றினார். ஒரு வாரம் சத்தம் குறைந்தது. இப்போது மறுபடியும் கேட்கிறது. "யாரை நம்புவது? இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்? ஏதாவது ஆனால் பழி என் மேல்தான் வரும்" என்று முடித்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கூடவே கியர்பாக்ஸின் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் தாளைப் படம் எடுத்து அனுப்பியது மிகவும் நல்ல காரியம். அதில் பல் எண்ணிக்கை இருக்கிறது. முதல் ஸ்டேஜ் 21-க்கு 83, இரண்டாவது ஸ்டேஜ் 19-க்கு 71. ஓப்பன் பினியன் 17, பெரிய கியர் 85 என்று நீங்களே எண்ணி எழுதியிருக்கிறீர்கள். பல் எண்ணிக்கை தெரியாமல் கியரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

இன்னொன்றையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஃபிட்டர் ஸ்க்ரூடிரைவரில் கேட்டபடியே மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார், நீங்கள் மொபைலில் நேரம் பார்த்தீர்கள், 10 நொடியில் 16 அல்லது 17 தட்டு. உங்கள் கடிதத்திலேயே பெரிய தகவல் இந்த வரிதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மோட்டார் நொடிக்கு 24.67 சுற்று. அதை 21 பல்லால் பெருக்கினால் 518. முதல் ஸ்டேஜில் நொடிக்கு 518 முறை பல்லோடு பல் சேர்கிறது. இதைத்தான் கியர் மெஷ் ஃப்ரீக்வன்ஸி என்கிறோம். 518-ஐ 83-ஆல் வகுத்தால் நடு ஷாஃப்ட் நொடிக்கு 6.24 சுற்று. அதை 19-ஆல் பெருக்கினால் இரண்டாவது ஸ்டேஜின் மெஷ் 118.6 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 118.6 முறை. அதை 71-ஆல் வகுத்தால் அவுட்புட் ஷாஃப்ட் நொடிக்கு 1.67 சுற்று. பத்து நொடிக்கு 16.7. உங்கள் ஃபிட்டர் விரலால் தட்டிக் காட்டிய அதே எண்.

அதாவது அந்தத் தட்டு, அவுட்புட் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் வருகிறது. முதல் ஸ்டேஜ் பினியனில் ஒரு பல் உடைந்திருந்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட 25 தரம் தட்டும். அதைக் காதால் எண்ண முடியாது, உறுமல் போலத்தான் கேட்கும். நடு ஷாஃப்டில் இருந்தால் நொடிக்கு ஆறு. ஆகவே உங்களுக்கு வந்திருக்கும் கொட்டேஷன், நீங்கள் சொல்லும் அடையாளம் எதையும் காட்டாத ஒரு ஸ்டேஜுக்கான கொட்டேஷன். "வேகமாகச் சுற்றும் பினியன்தான் முதலில் தேயும்" என்று சப்ளையர் சொன்னது பொதுவாகப் பொய்யில்லை. ஆனால் உங்கள் மெஷினில் அதற்குச் சாட்சி இல்லை. அந்த ஆர்டரில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்.

சந்தேகப்பட வேண்டியவை நான்கு. 71 பல் கியர், அவுட்புட் ஷாஃப்டின் பேரிங், ஷாஃப்டுகளை இணைக்கும் கப்ளிங், அந்த ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் 17 பல் ஓப்பன் பினியன். நான்குமே ஒரே வேகத்தில் சுற்றுவதால் காது இவற்றைப் பிரித்துச் சொல்லாது. இங்கேதான் கருவி வேண்டும், ஆனால் அந்தப் பேனா அல்ல.

2.2 என்ற எண் ஏன் போதாது

அந்தப் பேனா பொய் சொல்லவில்லை. அதனிடம் நாம் கேட்ட கேள்விதான் தவறு. இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கும். கியர் பல் தேயும்போது மெஷ் ஃப்ரீக்வன்ஸியின் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் அதிர்வு ஏறும். உங்கள் முதல் ஸ்டேஜுக்கு இரண்டு மடங்கு என்றால் 1036. பேனாவின் எல்லைக்கு வெளியே. உங்கள் தட்டு வருவது 1.67-இல். அதுவும் எல்லைக்கு வெளியே, கீழ்ப் பக்கம்.

எல்லைக்குள் இருப்பதும் ஒரே எண்ணுக்குள் மறைந்துபோகும். அதிர்வுகள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடும்: ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மோட்டார், கப்ளிங், அஸ்திவாரம் எல்லாம் சேர்ந்து 2.1 கொடுக்கிறது என்று வையுங்கள். கியர் பல்லின் பங்கு 0.2. மொத்தம் 2.11 வரும். பல் தேய்ந்து அதன் பங்கு 0.7 ஆகிறது, அதாவது மூன்றரை மடங்கு. மொத்தம் எவ்வளவு? 2.21. போன வருடம் 2.1, இந்த வருடம் 2.2 என்று உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பதும் இதே எண்கள்தான். உங்கள் மில்லில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. இப்படி நடந்திருந்தாலும் அந்த ரிப்போர்ட் இதே மாதிரிதான் இருக்கும் என்கிறேன். இதை ஒரு தாளில் போட்டு முதலாளிக்குக் காட்டுங்கள். கணக்கு புரிகிறவர் என்றால் இது ஒன்றே போதும்.

அந்த 2.8 என்ற வரம்பும் பொதுவான மெஷின்களுக்கானது. கியர் யூனிட்டுகளுக்கென்றே ஐஎஸ்ஓ 20816-9 என்று தனியாக ஒன்று இருக்கிறது. அப்படியே இருந்தாலும், எந்த வரம்பையும் விட உங்கள் மெஷினின் பழைய ரீடிங்தான் எனக்கு முக்கியம். ஒரு கியர்பாக்ஸை இன்னொன்றோடு ஒப்பிடுவதை விட, அதையே போன மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

எந்த அளவீட்டைக் கேட்க வேண்டும்

சென்னையில் ஸ்பெக்ட்ரம் அனலைசரோடு (அதிர்வை ஃப்ரீக்வன்ஸி வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) வந்து ஒரு நாள் வேலையாகப் பார்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அழைக்கும்போது "வைப்ரேஷன் பார்க்கணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பல் எண்ணிக்கைத் தாளை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, இவற்றைக் கேளுங்கள்.

ஆக்ஸலரோமீட்டரை, அதாவது அதிர்வு சென்சாரை, காந்தத்தில் வைத்து எடுக்க வேண்டும், கையில் பிடித்து அழுத்தி அல்ல. பெயின்ட் மேல் வைக்கக் கூடாது. ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிதாக ஓரிடத்தைச் சுரண்டி, சுற்றிலும் வட்டம் போட்டு வையுங்கள். அடுத்த முறையும் அதே வட்டத்தில்தான் வைக்க வேண்டும். நான்கு ஷாஃப்ட் பேரிங் ஹவுசிங்குகளிலும் எடுக்கச் சொல்லுங்கள். ஓப்பன் பினியனின் பிளம்மர் பிளாக்கை (அதன் பேரிங்கைத் தாங்கும் கட்டை) நிச்சயம் விடக் கூடாது. ஹெலிகல் கியர் என்பதால் ஷாஃப்டின் நீளவாக்கிலும் ஒரு ரீடிங் வேண்டும்.

ஸ்பெக்ட்ரம் இரண்டு வேண்டும். முதல் ஸ்டேஜுக்கு 2000 ஹெர்ட்ஸ் வரை ஒன்று. இரண்டாவது ஸ்டேஜுக்கும் ஓப்பன் கியருக்கும் 500 ஹெர்ட்ஸ் வரை, 3200 லைன் வைத்து, அதாவது 3200 துண்டாகப் பிரித்து, இன்னொன்று. அப்போதுதான் 1.67 ஹெர்ட்ஸ் இடைவெளி பிரிந்து தெரியும். அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது. மெஷ் ஃப்ரீக்வன்ஸியின் இரு பக்கமும் சீப்புப் பற்கள் போல எழும் கோடுகளுக்கு சைடுபேண்ட் என்று பெயர். எந்த ஷாஃப்டில் கோளாறோ, அந்த ஷாஃப்டின் வேகம்தான் கோடுகளுக்கு இடையிலான தூரம். 118.6-ஐச் சுற்றி 1.67 இடைவெளியில் கோடுகள் எழுந்தால் குற்றவாளி 71 பல் கியர். 28.4-ஐச் சுற்றி எழுந்தால் ஓப்பன் பினியன். இரண்டு இடத்திலும் இல்லாமல் 1.67, 3.34 என்று கீழே மட்டும் வரிசையாக இருந்தால் கப்ளிங்கையும் தளர்வையும் பாருங்கள். பேரிங் என்றால் அதற்கென்று வேறு ஃப்ரீக்வன்ஸிகள் உண்டு. பேரிங் நம்பரைக் கொடுத்தால் அவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

ஸ்பெக்ட்ரத்தோடு டைம் வேவ்ஃபார்மையும் (நேரத்தோடு அதிர்வு ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு) கேட்டு வாங்குங்கள். எல்லாப் பல்லும் சமமாகத் தேய்ந்தால் ஸ்பெக்ட்ரம் நன்றாகக் காட்டும். ஒரே ஒரு பல் விரிசல் விட்டிருந்தால், சுற்றுக்கு ஒரு குத்து என்று வரும் அந்தச் சின்ன அதிர்ச்சி ஸ்பெக்ட்ரத்தில் பரவிக் கரைந்துவிடும். வேவ்ஃபார்மில் 0.6 நொடிக்கு ஒருமுறை ஊசி போல நிற்கும். ஷாஃப்டின் சுற்றோடு சேர்த்து சராசரி எடுக்கும் வசதி, அதாவது டைம் சிங்க்ரனஸ் ஆவரேஜிங், அவர்களிடம் இருந்தால் இன்னும் நல்லது. மற்ற ஷாஃப்டுகளின் இரைச்சல் வடிந்து, அந்த ஒரு கியரின் பற்கள் மட்டும் வரிசையாக நிற்கும்.

அப்புறம் லோடு. உங்கள் மில்லில் பேட்ச் விழுந்த முதல் நிமிடமும் ரப்பர் இளகிய பிறகும் ஒன்றல்ல. எந்தக் கட்டத்தில் எடுத்தோம், அப்போது எத்தனை ஆம்ப்ஸ் என்பதை ரீடிங்கோடு எழுதி வையுங்கள். இது இல்லாத ரீடிங்கை அடுத்த மாதம் எதோடும் ஒப்பிட முடியாது.

ஆயில் விஷயத்தில் நடந்த தவறு

கோபித்துக்கொள்ளாதீர்கள். கெட்டி ஆயில் ஊற்றியது நல்லெண்ணத்தில்தான். ஆனால் அது வலி மாத்திரை போட்டுவிட்டு எலும்பு கூடிவிட்டது என்று நினைப்பது போல. பல்லுக்கு நடுவில் படலம் தடித்ததால் சத்தம் அடங்கியது, பல் அப்படியேதான் இருக்கிறது. தயாரிப்பாளர் 320 என்று சொல்லியிருக்கும் இடத்தில் 460 ஊற்றினால், வேகமாகச் சுற்றும் முதல் ஸ்டேஜ் அதைக் கடைந்து சூடாக்கும். ஆயிலின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மே மாத அம்பத்தூர் ஷெட்டில் இது சின்ன விஷயமில்லை. அடுத்த ஷட்டவுனில் 320-க்கே திரும்பிவிடுங்கள்.

அதைவிட வருத்தம், பழைய ஆயிலைக் கீழே விட்டது. மூன்று மாதத்துச் சாட்சி அதில்தான் இருந்தது. சரி, போனது போகட்டும். இப்போதிருந்து ஆரம்பியுங்கள். மில் ஓடிக்கொண்டிருக்கும்போதோ நிறுத்திய சில நிமிடங்களுக்குள்ளோ, ஆயில் மட்டத்தின் நடுப்பகுதியிலிருந்து சுத்தமான பாட்டிலில் சாம்பிள் எடுங்கள். ஓடும்போது என்றால் கவரைத் திறந்து அல்ல, வெளியில் சாம்பிள் வால்வு இருந்தால் மட்டும். டிரெயின் பிளக்கில் பிடித்தால் வருடக்கணக்கில் அடியில் தங்கிய வண்டல்தான் வரும். ஆயில் டாப்-அப் செய்தால் தேதியும் லிட்டரும் எழுதுங்கள், இல்லையென்றால் இரும்பு அளவு குறைந்தது போல ஒரு பொய்த் தோற்றம் கிடைக்கும்.

லேபில் வழக்கமாகச் செய்யும் ஸ்பெக்ட்ரோமீட்டர் டெஸ்ட், சில மைக்ரான் அளவுள்ள பொடியைத்தான் நன்றாக எண்ணும். பல்லிலிருந்து பெயர்ந்து வரும் செதில் அதைவிடப் பெரியது, அது கணக்கில் தப்பிவிடும். ஆகவே இரும்புத் துகளைக் காந்த முறையில் அளக்கும் பிக்யூ இண்டெக்ஸையும் சேர்த்துக் கேளுங்கள். அது ஏறியிருந்தால் ஃபெரோகிராஃபி. துகள்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, உராய்ந்து வந்ததா, களைத்துப் பெயர்ந்ததா, வெட்டி வந்ததா என்று சொல்வார்கள். நீங்கள் ரப்பர் கம்பெனி என்பதையும் லேபுக்குச் சொல்லுங்கள். சிலிகான் தெரிந்தால் வெளியில் மண் தூசி என்பார்கள். உங்கள் ஷெட்டில் அது சிலிக்கா ஃபில்லராகவும் இருக்கலாம். துத்தநாகமும் அப்படித்தான், ஜிங்க் ஆக்ஸைடு மூட்டையிலிருந்தும் வரும். புது ஆயில் சாம்பிள் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் குழப்பம் தீரும். எப்படியிருந்தாலும், ப்ரீதர் (கியர்பாக்ஸ் மூச்சு விடும் துவாரம்) வழியே தூசி போகிறது என்று தெரிந்தால் அதை முதலில் மாற்றுங்கள். ஈரம் உறிஞ்சும் வகை ப்ரீதர் நம் ஊர்க் காற்றுக்கு ஏற்றது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கியர்பாக்ஸ் பாதி முழுகியது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது துரு பிடித்த புள்ளிகளிலிருந்து இப்போதைய கோளாறு தொடங்கியிருக்கவும் கூடும்.

டிரெயின் பிளக் காந்தத்தில் மினுமினுப்பு இருப்பது சகஜமா என்று கேட்டிருந்தீர்கள். அதை ஒரு வெள்ளைத் தாளில் வழித்து, தாளுக்கு அடியில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். மை போலக் குழைந்து, விரலில் நெருடாமல் இருந்தால் சாதாரணத் தேய்மானம். ஜிகினா போலத் தனித்தனியாக மின்னினால், நகத்தால் நகர்த்தக் கூடிய செதில் இருந்தால், பல்லோ பேரிங்கோ பெயர ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பாருங்கள்

மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவி உங்கள் பையில் இருக்கட்டும். ரோல் தானாக உருளாதபடி அடைப்புக் கொடுத்த பிறகுதான் கவரைத் திறக்க வேண்டும். சட்டைப் பையில் பேனா, மொபைல் எதுவும் வேண்டாம், குனிந்தால் கியர்பாக்ஸுக்குள் விழும்.

ஓப்பன் கியரில் தொடங்குங்கள். கார்பன் பிளாக்கும் கிரீஸும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருக்கும். மண்ணெண்ணெயில் துடையுங்கள். பினியன் பல்லுக்கு 1 முதல் 17 வரை பெயின்ட் பேனாவால் எண் போடுங்கள். உங்கள் 17-க்கு 85 என்பது சரியாக ஐந்து மடங்கு. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் எப்போதும் பெரிய கியரின் அதே ஐந்து பற்களோடுதான் சேரும். பினியனில் ஒரு பல் கெட்டால் அதன் முத்திரை பெரிய கியரில் 17 பல்லுக்கு ஒன்றாக ஐந்து இடத்தில் பதியும். சாக்பீஸை எடுத்துக்கொண்டு, அடிபட்ட பல்லிலிருந்து பதினேழு பதினேழாக எண்ணிக்கொண்டே போங்கள். அதே காயம் திரும்பத் திரும்ப வந்தால் பினியன் என்று அங்கேயே முடிவாகிவிடும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் 19-க்கு 71 அப்படியல்ல. பொது வகுஎண் இல்லாததால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் சந்திக்கும், தேய்மானம் பரவிவிடும்.

பல்லின் முகத்தில் என்ன தேடுவது? பல்லின் நடுவில், பிட்ச் லைனில், பற்கள் உருளும். அதற்கு மேலும் கீழும் சறுக்கும். தேய்மானம் சறுக்கும் இடத்தில்தான். அதனால் தேய்ந்த பல்லில் நடுவே ஒரு மெல்லிய வரப்பு நின்று, மேலும் கீழும் குழிந்திருக்கும். அம்மைத் தழும்பு போன்ற குழிகள் பெரும்பாலும் அந்த வரப்புக்குச் சற்றுக் கீழே தொடங்கும். பல்லின் அடியில், வேர் வளைவில், மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் உடனே டை பெனட்ரன்ட், அதாவது விரிசலுக்குள் புகும் சிவப்புச் சாயம், அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியில் சிவப்புக் கோடு கசிந்தால் அது விரிசல். பேக்லாஷை (சேரும் பற்களுக்கு இடையிலான தளர்வு) டயல் கேஜ் வைத்து நான்கு இடத்தில் எடுத்து எழுதுங்கள். ஒவ்வொரு பல்லையும் எண்ணோடு படம் எடுங்கள்.

ஆன்லைன் சிஸ்டம் வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஆள் நெருங்கவே முடியாத இடம், நின்றால் முழு ஆலையும் நிற்கும் இயந்திரம் என்றால் வேறு. உங்களுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல அனலைசரில் ஒரு ரவுண்டு, மாதம் ஒரு ஆயில் சாம்பிள், இவை போதும். பின்னால் வாங்குவதாக இருந்தால், சென்சார் எத்தனை ஹெர்ட்ஸ் வரை பார்க்கும், முழு வேவ்ஃபார்ம் தருமா, குறைந்த வேக ஷாஃப்டைப் பிடிக்குமா என்று கேளுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு மட்டும் காட்டினால், அது விலை உயர்ந்த அதே பேனாதான். வெப்பக் கேமராவை இதற்கு நம்பாதீர்கள், சூடு தெரியும் நேரத்தில் பல் பெரும்பாலும் போயிருக்கும்.

எத்தனை நாள் ஓட்டலாம்

கடிதத்தை வைத்து நாள் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். தேய்மானம் மட்டும் என்றால், ரீடிங்கைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே புதுக் கியர் வரும்வரை லோடைக் குறைத்து ஓட்டலாம். விரிசல் என்றால் ஒரு பேட்ச் கூட ஓட்டக் கூடாது.

ஏனென்றால் இது மெஷின் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. உங்கள் மில்லில் பிரேக் மோட்டார் பக்கம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரோலுக்கு நடுவில் ஒருவர் கை மாட்டி, பக்கத்திலிருப்பவர் எமர்ஜென்ஸி கம்பியை இழுத்தால், அந்தப் பிரேக் ரோலை நிறுத்துவது இந்தப் பற்கள் வழியாகத்தான். பல் நழுவினால் மோட்டார் நிற்கும், ரோல் நிற்காமல் போகலாம். முதலாளியிடம் மற்ற எதற்கும் முன்னால் இதைச் சொல்லுங்கள். அவர் கெட்டவர் இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. யாரும் அவரிடம் இதை இப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பழி பற்றிய பயத்துக்கு ஒரே வழி எழுத்து. ஒரு பக்கத்தில் தேதி, தட்டு எண்ணிக்கை, பல் கணக்கு, பிரேக் விஷயம், நீங்கள் கேட்கும் பரிசோதனைகள். யாரையும் குறை சொல்லும் வரி வேண்டாம். மெயிலில் அனுப்பி, ஒரு பிரதியை மெஷின் ரெஜிஸ்டரில் ஒட்டுங்கள். ஃபிட்டர் அண்ணன் பெயரையும் அதில் போடுங்கள், முதலில் கண்டுபிடித்தவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை வேர் வளைவில் சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தாலும், திங்கள் காலை ஷிஃப்டுக்கு அந்தப் பூட்டைத் திறக்காதீர்கள். படங்களை எனக்கு அனுப்புங்கள், அன்றைக்கே பார்த்துப் பதில் எழுதுகிறேன்.